நிரல் எழுதாத தானியக்கக் கருவிகளில் ஏபிஐ அங்கீகாரம்

ஏபிஐ அங்கீகாரம் என்பது, ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும்போதோ ஒரு வேலையைச் செய்யச் சொல்லும்போதோ, கேட்பவர் யார், அவருக்கு எதுவரை உரிமை உண்டு என்று உறுதிசெய்யும் முறை. ஜோஹோ ஃப்ளோ, ஜேப்பியர், மேக், என்எய்ட்என் போன்ற கருவிகளில் நிரல் தெரியாதவரும் கட்டங்களை இழுத்து வைத்து வேலைகளைக் கோத்துவிடலாம். ஆர்டர் வந்தால் கணக்கில் ஒரு வரி சேர வேண்டும், பணம் வந்தால் வாட்ஸ்அப்பில் செய்தி போக வேண்டும் என்பதெல்லாம் சில நிமிட வேலை. அந்தச் சுலபம் அங்கீகாரத்தில் வந்து நின்றுவிடுகிறது. நிரப்ப வேண்டிய பெட்டிகள் சிலவே. அவற்றில் எதை இடுவது, யார் பெயரில் இடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை வைத்து இதைப் பார்ப்பது எளிது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரும் அந்த மலையில் மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழை விளைகின்றன. சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கு வேலை செய்துவருகிறது. மாவாகவும் ரவையாகவும் பொட்டலம் கட்டி விற்கச் சுய உதவிக் குழுக்களுக்கு வழி பிறந்தது அந்தப் பணியால்தான். சரக்கு மலையில் இருக்கிறது. வாங்குபவர் சேலத்திலோ சென்னையிலோ இருக்கிறார். இடையில் உள்ள விலை, பணம், இருப்புக் கணக்கு, செய்தி ஆகிய நான்கும் நான்கு நிறுவனங்களின் கணினிகளில் கிடக்கின்றன. இப்படியொரு குழு நான்கையும் தானியக்கத்தில் இணைக்க முனைந்தால், அங்கீகாரத்தின் முக்கிய வகைகள் எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும்.

விலையில் தொடங்கலாம். நாட்டின் பல விற்பனைக்கூடங்களில் அன்றாடம் பதிவாகும் வேளாண் விலைகளை மத்திய அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.இன் ஏபிஐ வழியே தருகிறது. பதிவு செய்துகொண்டால் ஒரு நீண்ட சரம் கிடைக்கும், அதுவே சாவி. கேட்கும் முகவரியின் பின்னால் அதை ஒட்டி அனுப்பினால் போதும். தளம் காட்டும் மாதிரிச் சாவியைப் பயன்படுத்தினால் ஒரு முறைக்கு 10 பதிவுகளுக்கு மேல் வராது. இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது, தரவுதான் குறைகிறது என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. முகவரியில் ஒட்டிய சாவி சர்வர் பதிவேடுகளிலும் திரைப்பிடிப்புகளிலும் தங்கிவிடும். பொதுத் தரவு என்பதால் இங்கே இழப்பு பெரிதில்லை. அதே பழக்கம் பணத்தின் பக்கம் போனால் ஆபத்து.

பணம் வாங்க ரேசர்பே போன்ற சேவை இரண்டு துண்டுகளைத் தருகிறது: அடையாளச் சாவி, ரகசியச் சாவி. தானியக்கக் கருவியில் ‘பேசிக் ஆத்’ என்ற வகையைத் தேர்ந்து, முதலாவதைப் பயனர்பெயராகவும் இரண்டாவதைக் கடவுச்சொல்லாகவும் இட வேண்டும். ரகசியச் சாவி உருவாகும் நேரத்தில் மட்டுமே திரையில் தெரியும். அப்போதே பத்திரப்படுத்தாவிட்டால் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கும் இதே முறையைப் பின்பற்றுகிறது, ஒரு சின்ன மாற்றத்தோடு: பயனர்பெயரின் இடத்தில் ஏபிஐ சாவி, கடவுச்சொல்லின் இடத்தில் ஏதோ ஓர் எழுத்து. தன் உண்மையான கடவுச்சொல்லை அங்கே யாரும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. பேசிக் ஆத் இந்த விவரங்களை வேறு எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறதே தவிர, மறையாக்கம் செய்வதில்லை. யாரும் திருப்பிப் படித்துவிடலாம். அவற்றைக் காப்பது முகவரியின் தொடக்கத்தில் உள்ள எச்டிடிபிஎஸ் மட்டும்தான்.

எதிர்த்திசையிலும் ஓர் அங்கீகாரம் உண்டு. அதைப் பலர் செய்வதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது. ‘பணம் வந்துவிட்டது’ என்று ரேசர்பே தானாக அனுப்பும் ‘வெப்ஹூக்’ செய்தியோடு ஒரு கையொப்பமும் வரும். செய்தியையும் முன்பே பேசிவைத்த ரகசியத்தையும் சேர்த்து எச்மேக்-ஷா256 முறையில் கணக்கிட்டால் அதே கையொப்பம் கிடைக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு கட்டத்தைக் கூடுதலாக வைக்காவிட்டால், வெப்ஹூக் முகவரி தெரிந்த எவரும் பொய்ச் செய்தி அனுப்பி, கட்டாத பணத்துக்கு மிளகு மூட்டையை மலையிலிருந்து இறக்க வைத்துவிடலாம்.

இருப்புக் கணக்கை ஜோஹோவில் வைத்திருந்தால் ஓஆத் 2.0 வந்துவிடும். அதன் பின்னணி தெரிந்தால் அமைப்பது எளிது. 2000களின் நடுவில் நண்பர்களின் முகவரிகளை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி, பல தளங்கள் பயனரின் மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்டன. கொடுத்தால் எல்லாமே அவர்கள் கையில். அதற்கு மாற்றாக 2007 டிசம்பரில் ஓஆத் 1.0 வெளிவந்தது. ட்விட்டர் தன் ஏபிஐயில் பேசிக் ஆத்தை 2010 ஆகஸ்டில் நிறுத்தியது, ஓஆத் 2.0 தரநிலை 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 என்ற எண்ணில் வந்தது. இதில் கடவுச்சொல் சேவையை விட்டு வெளியே போவதில்லை. பயனர் ஜோஹோவின் பக்கத்திலேயே உள்நுழைந்து ஒப்புதல் தருகிறார். தானியக்கக் கருவிக்கு ஒரு டோக்கன் மட்டும் போகிறது. பொங்கல் பரிசுக்குத் தரும் ரேஷன் டோக்கன் போலத்தான்: இன்ன நாள், இன்ன நேரம், இன்ன பொருள்.

ஜோஹோ ஃப்ளோவில் ஏற்கெனவே பட்டியலில் உள்ள செயலிகளுக்கு ஒரு பொத்தானை அழுத்தி ஒப்புக்கொண்டால் முடிந்தது. பிற கருவிகளிலிருந்து நேரடியாக இணைக்கும்போது ஜோஹோவின் ஏபிஐ கன்சோலில் பதிவு செய்து, கிளையன்ட் ஐடி, கிளையன்ட் சீக்ரெட், ஒப்புதல் முகவரி, டோக்கன் முகவரி, ஸ்கோப் எனும் உரிமை எல்லை ஆகியவற்றை நிரப்ப வேண்டும். இந்தியப் பயனர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது முகவரியின் வாலில். இந்தியத் தரவு மையத்தில் உள்ள கணக்குக்கு ஜோஹோ.இன் முகவரிதான் செல்லும்; இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் இருக்கும் ஜோஹோ.காம் முகவரியை அப்படியே ஒட்டினால், விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் ‘கிளையன்ட் செல்லாது’ என்ற பிழை வரும். ஒப்புதல் தந்தபின் பயனர் திரும்பும் முகவரியும் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கதவு திறக்காது. ஸ்கோப்பைச் சுருக்கமாகத் தருவது நல்லது. இருப்பைப் படிக்க மட்டுமே போகும் இணைப்புக்கு அழிக்கும் உரிமை எதற்கு?

ஜோஹோவின் அணுகல் டோக்கன் 1 மணி நேரத்தில் காலாவதியாகும். அதன்பின் ரிஃப்ரெஷ் டோக்கனைக் காட்டிக் கருவி தானே புதியதை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒப்புதல் கேட்கும்போது அணுகல் வகையை ‘ஆஃப்லைன்’ என்று குறிப்பிட்டிருந்தால்தான் ரிஃப்ரெஷ் டோக்கன் கிடைக்கும். காலையில் ஓடிய இணைப்பு மதியம் நின்றுபோனால் பெரும்பாலும் இதுதான் காரணம். கூகுளில் செயலியைச் ‘சோதனை’ நிலையிலேயே விட்டால் ரிஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் செத்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ முதலில் தரும் தற்காலிக டோக்கனுக்கு ஏறத்தாழ ஒரு நாள்தான் ஆயுள். நிலையாக ஓட ‘சிஸ்டம் யூசர்’ டோக்கன் வேண்டும். பிழை எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்: 401 என்றால் நீங்கள் யாரென்று சர்வருக்குத் தெரியவில்லை, 403 என்றால் தெரிந்தும் உரிமை இல்லை.

மலைக்குழு ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, இணைப்பு யார் பெயரில் இருக்கும் என்பது. கருவி மேகக்கணியில் ஓடுவதால் மலையில் உள்ள செம்மேட்டில் மின்சாரம் போனாலும் தானியக்கம் நிற்காது. ஆனால் இணைப்பை உருவாக்கியவர் அதைத் தன் சொந்த மின்னஞ்சலில் உருவாக்கிவிட்டுக் கீழே வேலைக்குப் போய்விட்டால், மறு ஒப்புதலுக்கான ஓடிபி அவர் கைபேசிக்குத்தான் போகும். குழுவின் பெயரில் தனி மின்னஞ்சலும், பொறுப்பாளர்கள் இருவருக்குத் தெரிந்த மீட்பு வழியும் முதல் நாளிலேயே வேண்டும். என்எய்ட்என்னைச் சொந்த சர்வரில் நிறுவியவர்கள் அதன் மறையாக்கச் சாவியையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். அது தொலைந்தால் சேமித்த இணைப்பு விவரங்கள் எவற்றையும் படிக்க முடியாது.

பொறுப்பாளர் மாறும்போது சாவிகளையும் மாற்றுவது முறை. புதிய சாவியை உருவாக்கி, இணைப்பில் இட்டு, ஓர் ஆர்டரை ஓட்டிப் பார்த்தபின் பழையதை நீக்க வேண்டும். ரேசர்பேயில் சாவியைப் புதுப்பிக்கும்போது பழையதை உடனே முடக்கலாம், அல்லது 24 மணி நேரம் கழித்து முடங்கச் செய்யலாம். ரகசியம் வெளியே கசிந்திருந்தால் முதலாவது. வழக்கமான மாற்றத்துக்கு இரண்டாவது.