இஸ்லாமும் முன்னை வேதங்களும்

மோசே, மூசா; ஆபிரகாம், இபுராகீம்; தாவீது, தாவூது; சாலொமோன், சுலைமான்; மரியாள், மரியம். இப்பெயர்கள் பட்டணத்திலும் தோட்டத்திலும் நம் தமிழ் மக்களிடையே வழங்குவன. ஒவ்வோர் இணையிலும் முன்னது கிறிஸ்தவர் இல்லத்திலும் பின்னது முஸ்லிம் இல்லத்திலும் ஒலிக்கும். இவை ஒரே பெயரின் இரு வடிவங்கள் என்பதை நம்மவருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சாரார், "எல்லாச் சமயமும் ஒன்றே" என்று கூறி ஆராய்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், ஒரு சமயம் இன்னொன்றுக்குப் பிறவிப் பகை என்று நம்பி ஒதுங்கி நிற்கின்றனர். இவ்விரு கூற்றுக்களும் வரலாற்றுக்கு ஒவ்வாதன. யூதரும் கிறிஸ்தவரும் போற்றும் பெரியாரையும் அவர்தம் வேதங்களையும் இஸ்லாம் எங்ஙனம் கருதுகின்றது என்பதைச் சில சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அபிசீனிய வேந்தன் அவை

கி.பி. 615-ம் ஆண்டளவில் மக்காவிலே குறைஷியர் இழைத்த கொடுமைக்கு ஆற்றாத முஸ்லிம்களுட் சிலர், நபிகள் நாயகம் அவர்களின் சொற்படி செங்கடலைக் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். அந்நாட்டு வேந்தன் நஜ்ஜாஷி கிறிஸ்தவன். அகதிகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதர் இருவரை விடுத்தனர். அவர்தம் முறையீட்டைக் கேட்ட வேந்தன், மறு பக்கத்தையும் கேளாது தீர்ப்பளிக்க உடன்படவில்லை. அகதிகளை அழைப்பித்து, அவர்கள் சமயம் யாதென்று வினவினான். நாயகம் அவர்களின் பெரிய தந்தையார் மகனான ஜஃபர் எழுந்து விடை கூறினார். பின்னர்த் திருக்குர்ஆனில் மரியம் என்னும் அத்தியாயத்தின் முற்பகுதியை ஓதினார். வேந்தன் தாடி நனையக் கண்ணீர் வடித்தான், குருமாரும் அழுதனர். இவ்வசனங்களும் ஈசா கொணர்ந்ததும் ஒரே விளக்கின் ஒளி என்று அவன் கூறினானாம்.

மறுநாள் தூதருள் ஒருவராகிய அம்ரு வேறோர் அம்பை எய்தார். இவர்கள் ஈசாவைத் தாழ்த்திப் பேசுகின்றனர் என்றார். வேந்தன் மீண்டும் அகதிகளையே கேட்டான். உயிர் போகும் வேளையிலும் ஜஃபர் உண்மையை மறைக்கவில்லை. ஈசா இறைவனின் அடியார், தூதர், கன்னி மரியமிடம் இறைவன் இட்ட வாக்கு என்று உரைத்தார். இறைவனின் மைந்தர் என்று மட்டும் கூறினாரில்லை. நஜ்ஜாஷி தரையிற் கிடந்த ஒரு கோலை எடுத்து, நீர் கூறியதற்கும் ஈசாவின் உண்மை நிலைக்கும் இக்கோலின் அளவு தானும் வேறுபாடில்லை என்றான். அவனைச் சூழ்ந்திருந்தோர் முணுமுணுத்தனர். அவன் அதனைப் பொருட்படுத்தாது அகதிகளுக்கு அபயம் அளித்தான். எட்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த இப்னு இஸ்ஹாக் தொகுத்த நாயகம் வரலாற்றின் வாயிலாக இச்செய்தி நமக்குக் கிட்டியுள்ளது.

வேந்தன் கண்டது அணுக்கம். அவையோர் முணுமுணுத்தது வேற்றுமை. இரண்டும் மெய்யே. இனி அவ்விரண்டையும் தனித்தனியே காண்போம்.

அணுக்கம்

இஸ்லாம் தன்னைப் புதுச் சமயம் என்று கூறிக்கொள்ளவில்லை. ஆதம், நூஹ், இபுராகீம், மூசா, ஈசா என்று வழிவழி வந்த தூதர் அனைவரும் போதித்தது ஒரே இறைவனுக்கு அடிபணிதல் என்பதும், நாயகம் அவர்கள் அவ்வரிசையின் இறுதித் தூதர் என்பதும் அதன் கொள்கை. திருக்குர்ஆன் பெயர் கூறும் தூதர் இருபத்தைவர் என்பர். அவருள் மிகுதியாகக் கூறப்படுபவர் மூசாவே. அவர் பெயர் 136 முறை வருகின்றது. இபுராகீம் பெயர் 69 முறையும், ஈசா பெயர் 25 முறையும் வருகின்றன. முகம்மது என்னும் பெயரோ நான்கே முறை. திருக்குர்ஆனிற் பெயர் சுட்டப்பெறும் பெண்மணி மரியம் ஒருவரே. 98 வசனங்கள் கொண்ட ஓர் அத்தியாயம் அவர் பெயரால் வழங்குகின்றது. ஈசா தந்தையின்றிக் கன்னி வயிற்றிற் பிறந்தவர் என்பதையும், பிணி தீர்த்தவர், இறந்தோரை எழுப்பியவர் என்பதையும் முஸ்லிம்கள் ஐயமின்றி நம்புகின்றனர். தமிழ் முஸ்லிம்களின் நூல்களில் மூசா, ஈசா என்னும் பெயர்களை அடுத்து "அலை" என்னும் குறிப்பு நிற்பதைக் காணலாம். அவர் மீது சாந்தி உண்டாகுக என்னும் வாழ்த்தின் சுருக்கமே அது.

வேதங்களும் அவ்வாறே. மூசாவுக்குத் தவ்ராத்தும், தாவூதுக்கு ஜபூரும், ஈசாவுக்கு இன்ஜீலும் இறைவனால் அருளப்பட்டன என்று நம்புதல் முஸ்லிமின் கடமை. அவ்வேதங்களை உடையோருக்கு "அஹ்லுல் கிதாப்", அதாவது வேதக்காரர், என்று பெயர். அவர்தம் உணவும், அவர்தம் பெண்களை மணத்தலும் முஸ்லிம்களுக்கு ஆகும் என்று திருக்குர்ஆன் விதித்தது. டமாஸ்கஸ் நகரத்தின் உமையாப் பெரிய பள்ளிவாசல் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதனுள்ளே, கிறிஸ்தவர் யோவான் ஸ்நானன் என்று போற்றும் யஹ்யா நபியின் பெயரால் ஓர் அடக்கத்தலம் உண்டு. அப்பள்ளியின் தூபிகளுள் ஒன்று ஈசா தூபி என்றே வழங்கும்.

வேற்றுமை

நிற்க. வேற்றுமையை மறைப்பது நட்பாகாது. இறைவன் மூவொருவன் என்பதையும், ஈசா அவன் மைந்தர் என்பதையும் இஸ்லாம் மறுக்கின்றது. ஈசாவைப் பகைவர் சிலுவையிற் கொல்லவில்லை, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கின்றது. கிறிஸ்தவருக்கோ அச்சிலுவையே சமயத்தின் உயிர்நாடி. இபுராகீம் யூதருமல்லர், கிறிஸ்தவருமல்லர் என்று திருக்குர்ஆன் உரைக்கின்றது. யூதரோ தம் குலத்தின் தந்தை அவரென்பர். இபுராகீம் பலியிட முனைந்த மைந்தன் ஈசாக்கு என்பது யூதர், கிறிஸ்தவர் வேதம். திருக்குர்ஆனோ அவ்விடத்தில் அம்மைந்தன் பெயரைக் கூறவில்லை. 923-ல் மறைந்த பேரறிஞர் தபரீ அவர் ஈசாக்கே என்று கருதினார். பின்வந்த உரையாளரோ இஸ்மாயீல் என்றே நிலைநாட்டினர். இன்று முஸ்லிம்களின் பொது நம்பிக்கையும் அதுவே. ஒரு சமயத்தினுள்ளேயே எண்ணம் நூற்றாண்டுகளூடே நகர்வதற்கு இஃதொரு சான்றாகும்.

நாயகம் அவர்கள் 622-ல் மதீனா சேர்ந்த காலத்தில், தொழுகையின் திசை ஜெரூசலமாக இருந்தது. மூசா விடுதலை பெற்ற நாளென்று யூதர் நோன்பிருந்ததைக் கண்டு, அந்நாளில் முஸ்லிம்களும் நோன்பிருந்தனர். 624-ல் திசை மக்காவுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டுகளில் யூதக் குலங்களுடன் பூசலும் போரும் நிகழ்ந்தன. பிற்காலத்து முஸ்லிம் அரசுகளில் வேதக்காரர் காப்பும் வழிபாட்டு உரிமையும் பெற்றனர். ஆயினும் தனி வரி செலுத்தினர், சமநிலை பெற்றாரல்லர். இவற்றையும் வரலாறு மறவாது.

வேதம் மாறியதா?

தவ்ராத்தும் இன்ஜீலும் இறைவன் தந்தவையாயின், யூதர் கையிலும் கிறிஸ்தவர் கையிலும் உள்ள நூல்கள் அவைதாமோ? இவ்வினா இஸ்லாமிய அறிஞரை நெடுங்காலம் வருத்தியது. எழுத்தே மாற்றப்பட்டது என்றார் சிலர். எழுத்து நிற்க, பொருளே திரிக்கப்பட்டது என்றார் வேறு சிலர். ஸ்பெயின் தேசத்துக் கொர்டோவாவின் இப்னு ஹஸ்ம் (994-1064) முதற் கூற்றினர். அவர் பழிப்பதோடு நில்லாது, யூத வேதத்தை வரிவரியாகப் படித்து, ஆண்டுக் கணக்கிலும் தொகைகளிலும் முரண்களை எடுத்துக் காட்டினார்.

பதினைந்தாம் நூற்றாண்டிற் கெய்ரோவில் வாழ்ந்த பிகாயீ என்பவர் வேறு வழி சென்றார். திருக்குர்ஆனுக்கு உரை எழுதுங்கால், மூசாவின் கதைக்கும் ஈசாவின் கதைக்கும் விளக்கமாக யூத வேதத்தினின்றும் சுவிசேஷங்களினின்றும் பகுதிகளை எடுத்தாண்டார். கண்டனம் பெரிதாய் எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை, முன்னை வேதங்களை எடுத்தாள்வது தகும் என்று வாதித்துத் தனி நூலே இயற்றினார். 1480-ல் அவர் மறைந்தார். மாற்றார் நூலைப் படிப்பதால் தம் சமயம் தேயும் என்று அவர் அஞ்சினாரில்லை.

பக்தாத் அவையில் முத்து

781-ம் ஆண்டளவில் கலீபா மஹ்தீ, கீழ்த்திசைக் கிறிஸ்தவத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயுவைத் தம் அவையில் வைத்து இரண்டு நாள் வினவினார். கேட்டவர் பேரரசர்; விடை கூறியவர் அவர்தம் குடி. எனினும் திமோத்தேயு தம் கொள்கையை விட்டாரில்லை. நாயகம் அவர்களைப் பற்றி வினவியபோது, அவர் தூதர்களின் வழியில் நடந்தவர் என்று மரியாதையுடன் கூறினார். தூதர் என்று மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. பின் ஓர் உவமை சொன்னார். இருண்ட வீட்டில் முத்தொன்று விழுந்தது. எல்லோரும் தடவினர். ஒருவர் கையில் முத்து. மற்றவர் கையிற் கல், கண்ணாடி, மண். ஒவ்வொருவரும் தம் கையிலுள்ளதே முத்தென்று மகிழ்ந்தனர். பொழுது விடிந்தபின் உண்மை விளங்கும். முத்தின் ஒளி இப்போதே நற்செயல்களில் ஓரளவு புலப்படும் என்று தம் சமயத்தின் சார்பாகச் சேர்த்துரைக்கவும் அவர் தவறவில்லை. கலீபா சினந்தாரில்லை.

முடிபு

நேயர்களே! ஜஃபரும் திமோத்தேயுவும் வெவ்வேறு சமயத்தினர். இருவரும் பிறர் அவையில் தம் கொள்கையை ஒளியாது உரைத்தனர். நஜ்ஜாஷியும் மஹ்தீயும் அதிகாரம் தம் கையில் இருந்தும் கேட்டறிந்தனர். நமக்குப் பாடமாவது இதுவே. அம்ரு கூறியது பொய்யன்று; பாதி மெய். பாதி மெய்யை நம்பி நஜ்ஜாஷி தீர்ப்பளித்திருந்தால், அடைக்கலம் புகுந்தோர் கதி என்னாகியிருக்கும்? பாதி மெய்களைப் பரப்புவோர்க்கு இக்காலத்திலும் குறைவில்லை. ஆகவே, முஸ்லிம் ஈசாவைப் பற்றி என்ன நம்புகின்றார் என்பதை முஸ்லிமிடமே கேட்போம். கிறிஸ்தவர் சிலுவையில் யாது காண்கின்றார் என்பதைக் கிறிஸ்தவரிடமே கேட்போம். மரியாளும் மரியமும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இந்நாட்டில், அவ்வாறு கேட்பதற்கு நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை.