ரூஸ்வெல்ட்டின் ரத்தக் குழாய்கள்

இதயம் தளர்ந்து ரத்தக் குழாயும் இறுகினால் ஞாபகம் போய்விடுமா? நம் வயதுக்காரர்கள் கூடினால் வருகிற இந்தக் கேள்வி, ஒரு காலத்தில் உலக அரசியலிலேயே பெரிய சர்ச்சையானது. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைத்தான் சொல்கிறேன்.

1941-லேயே அவருடைய ரத்த அழுத்தம் 188/105. அவரைக் கவனித்துவந்த அட்மிரல் மெக்கின்டைர், காது மூக்கு தொண்டை மருத்துவர். வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்பு என்று பல டாக்டர்களே நினைத்த காலம் அது.

1944 மார்ச் இறுதியில் இதய நிபுணர் ஹோவர்ட் புரூன் சோதித்தபோது இதயம் பெரிதாகி, செயலிழக்கத் தொடங்கியிருந்தது. டிஜிட்டாலிஸ் கொடுத்தார். உப்பையும் சிகரெட்டையும் குறைக்கச் சொன்னார். தனக்கு என்ன நோய் என்று ரூஸ்வெல்ட் கேட்கவே இல்லை. மக்களுக்கும் யாரும் சொல்லவில்லை. நவம்பரில் நான்காம் முறையாக ஜெயித்தார்.

1945 பிப்ரவரியில் யால்டா மாநாடு. அங்கே அவரைப் பார்த்த சர்ச்சிலின் டாக்டர் லார்ட் மோரன், மூளை ரத்தக் குழாய்கள் இறுகிவிட்டன, இன்னும் சில மாதங்களே என்று எழுதிவைத்தார். கிழக்கு ஐரோப்பாவை ஸ்டாலினிடம் விட்டது நோயுற்ற மூளைதான் என்று பிற்பாடு பலர் பழித்தார்கள்.

ஏப்ரல் 12 அன்று, பின்தலை வலிக்கிறது என்றவர் மயங்கினார். அழுத்தம் 300-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு, 63 வயதில் முடிந்தது.

மோரனின் கெடு பலித்தது. ஆனால் ஞாபக விஷயத்தில் நான் புரூன் கட்சி. கூடவே இருந்து பார்த்த அவர், பழையதும் புதியதும் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றாகவே நினைவிருந்தன என்று 1970-ல் எழுதினார். போலந்தில் அதற்குள் சோவியத் படை நின்றுகொண்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனாலும் மோரனின் பயம் வெறும் பயமல்ல. இதயம் தளர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையலாம். இறுகிய குழாயில் ஒவ்வொரு துடிப்பும் மூளையின் நுண்குழாய்களை அடித்து நோகச் செய்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் பலருக்கு மறதியும் கவனக்குறைவும் வருவதை டாக்டர்கள் இன்று ஒப்புக்கொள்கிறார்கள்.

1948-ல் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வுதான், உயர் அழுத்தம் இயல்பல்ல, ஆபத்து என்பதை நிலைநாட்டியது. 1958-ல் குளோரோதயசைடு மாத்திரை வந்தது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத அந்த வகை மாத்திரை இன்று நம் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அழுத்தம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டும் வாருங்கள்.