சிசிடாலியா 202

இத்தாலியின் டூரின் நகரில் 1947இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 170 வண்டிகளே உருவான இரண்டு இருக்கைக் கார் சிசிடாலியா 202. உலகப் போர் முடிந்த கையோடு ரேஸ் கார் கட்ட இறங்கிய தொழிலதிபர் பியரோ டுசியோவின் நிறுவனம் இதைத் தயாரித்தது. பொறியாளர் ஜியோவானி சவோனுட்சி தொடக்க வடிவத்தைத் தந்தார். பினின் ஃபரினாவின் பட்டறை அதைச் செதுக்கி முழுமையாக்கியது. காரின் உடல் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் போருக்குப் பிந்தைய தலைமுறை கண்ட விடைகளில் மிகத் தெளிவானது இதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1930களின் கார்களில் பெரும்பாலானவை குதிரை வண்டியின் மிச்சத்தைச் சுமந்தவை. பானட் ஒரு பெட்டி, மட்கார்டு நான்கு தனித் தகடுகள், ஹெட்லைட் தனியாக நிற்கும் இரண்டு கிண்ணங்கள், ஏறி இறங்க ஃபுட்போர்டு. இவற்றை ஒன்றாக்க இரண்டு வழிகள் இருந்தன. இடைவெளிகளை எல்லாம் அடைத்துப் பக்கவாட்டை ஒரே சுவராக்குவது ஒரு வழி; அமெரிக்காவின் கைசர் கார்கள் அப்படித்தான் செய்தன. சிசிடாலியா மற்றதைத் தேர்ந்தது. சக்கரத்தின் மேல் தகடு தோள்போல மெல்லப் புடைக்கும், கதவருகே அடங்கும், பின்சக்கரத்தில் மறுபடி எழும். மட்கார்டு மறைந்தாலும் அதன் நினைவு உடலில் தங்கிவிடுகிறது. முன்பக்கத்தில் பானட் மட்கார்டுகளைவிடத் தாழ்ந்து இறங்குவதால், அவற்றின் நுனியில் பதித்த விளக்குகள் எடுப்பாகத் தெரிகின்றன. மொத்த உயரமே சுமார் 125 செ.மீ. மர அச்சுக்கு ஏற்ப அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்த வேலை இது; நம்மூர் டிங்கர் பட்டறைக்காரர் ஒருவர் பார்த்தால், எங்கே தகடு முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் தேடுவார்.

இது முதல் முயற்சி அல்ல என்று மறுப்போர் உண்டு. உண்மைதான். 1938இல் லெ மான் பந்தயத்துக்கு டூரிங் நிறுவனம் உடல் அமைத்த ஆல்ஃபா ரோமியோவில் இந்தப் போக்கு முன்பே தெரிகிறது. ஆனால் அது காற்றைக் கிழித்து ஓடப் பிறந்த பந்தய வடிவம். சாலையில் ஓடும் காருக்கு அதே ஒருமையை, ஆடம்பரமில்லாத நிதானத்தோடு கொண்டுவந்தது சிசிடாலியாவின் சாதனை. 1963இல் வெளிவந்த போர்ஷ 911இன் முகத்தில்கூட, தாழ்ந்த பானட்டுக்கு இருபுறமும் விளக்கேந்தி உயரும் அதே தோள்களைக் காணலாம்.

இன்னொரு மறுப்பு கனமானது. எஞ்சின் சாதாரண ஃபியட் 1100உடையது, 1089 சி.சி.; நிறுவனமோ போர்ஷ குழு வடிவமைத்த கிராண்ட் பிரீ கார் திட்டத்தில் பணத்தைக் கொட்டி நொடிந்தது. வெறும் மேல்தோலுக்கா வரலாற்றில் இடம் என்று கேட்கலாம். அந்த ஃபியட் எஞ்சினின் வம்சம்தான் பின்னாளில் பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினியையும் இழுத்தது. அதே குடும்பத்து எஞ்சின் டாக்ஸியாகவும் ஓடும், சிற்பமாகவும் ஓடும் என்றால், வேறுபாட்டை உண்டாக்கியது வடிவம்தானே! தவிர, இது உழைக்காத அழகும் அல்ல. 1947 மில்லே மிலியா பந்தயத்தில் இதன் திறந்த வகையை ஓட்டிய டாட்சியோ நுவோலாரி, இதைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு நடுவே இரண்டாவதாக வந்தார்.

1951இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்பொருளாக நிறுத்தியபோது, சிசிடாலியாவோடு போர்க்கள ஜீப்பும் இடம்பெற்றது. பகட்டுக்குப் பரிசளிக்கும் கண்காட்சியாக இருந்திருந்தால் ஜீப் வாசலைத் தாண்டியிராது. அருங்காட்சியகம் தன் நிரந்தரச் சேகரிப்புக்கு 1972இல் ஒரு சிசிடாலியா 202ஐ ஏற்றது; அச்சேகரிப்பில் நுழைந்த முதல் கார் அது.