அகதி நடித்த வில்லன்

ஹமர்ஸ்மித் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எமக்கு ஒரு பழைய படம் ஞாபகம் வரும்: 'நைற் அன்ட் த சிற்றி' (1950). இருளும் துரோகமும் மண்டிய 'ஃபிலிம் நுவார்' வகைப் படங்களில் லண்டனிலேயே எடுக்கப்பட்ட ஒன்று. கதைநாயகன் ஹரி ஃபேபியன் இந்தப் பாலத்தருகேதான் கொல்லப்படுகிறான். கொல்லச் சொன்னவன் கிறிஸ்ரோ. லண்டன் மல்யுத்தப் போட்டிகளைத் தன் கைக்குள் வைத்திருக்கும் கிரேக்கன்.

கிறிஸ்ரோவாக நடித்த ஹேர்பேர்ட் லொம், 1939இல் பிராக்கிலிருந்து லண்டன் வந்து சேர்ந்தவர். நெறியாளர் ஜூல்ஸ் டசினும் இடதுசாரி என்பதால் ஹொலிவூட்டின் கதவுகள் மூடப்படவிருந்த வேளையில் இங்கு வந்தவர். அந்நிய உச்சரிப்புள்ளவனுக்கு வில்லன் வேடம் கொடுப்பது அன்றைய திரையுலகின் வழக்கம்.

அந்த வில்லனுக்கும் ஒரு தகப்பன் இருக்கிறார், பழைய மல்யுத்த வீரர் கிரிகோரியஸ். ஊரே அஞ்சும் மகன் அவர் முன் குரல் தாழ்த்தி நிற்கிறான். கிழவர் அவன் கைகளிலேயே உயிர் விடுகிறார். கொலைக் கட்டளை அதன் பிறகுதான் பிறக்கிறது.

தகப்பனின் சாவைத் தொலைபேசியில் கேட்டு, கொள்ளி வைக்கப் போகமுடியாமல் இங்கேயே இருந்தவர்கள் நாம். அவன் தீர்த்த பழியை நாம் ஏற்கவில்லை. ஆனாலும் அந்தக் காட்சியில் அவனை வெறுக்க எம்மால் முடிவதில்லை.