திறந்திருந்த கதவுகள்: நியூயார்க் யூதர்களின் டிசம்பர் 25 விருந்து

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து யூதர்களிடையே, கிறிஸ்து பிறப்பு விழா நாளான டிசம்பர் 25 அன்று நண்பர்களும் உறவினர்களும் ஒன்றுகூடிச் சீன உணவகத்துக்குச் சென்று விருந்துண்ணும் வழக்கம் பல தலைமுறைகளாக நிலவி வருகிறது. யூத சமய நூல் எதுவும் விதிக்காத, சீனர் மரபிலும் வேரில்லாத இந்த வழக்கம், இன்று அந்நகரத்தைக் கடந்து அமெரிக்க யூதர் பலரும் தமக்குரியதாகக் கருதும் குளிர்கால நிகழ்வாகிவிட்டது. குடியேற்றச் சட்டங்கள், தையற்கூடத்துக் கூலி, சமய உணவு விதிகள், அரசு விடுமுறை, இரு குடியிருப்புகளுக்கு இடையே இருந்த சிறிது தூரம் ஆகிய ஐந்தும் சேர்ந்து இதனை உருவாக்கின. பெரும்பான்மையோரின் விழாவுக்குப் புறத்தே நின்ற ஒரு சமூகம், அதே நாளில் தனக்கென ஒரு மகிழ்ச்சியை அமைத்துக்கொண்ட வரலாறு என்பதால், உணவு வரலாற்றில் மட்டுமன்றிச் சமூக வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு.

பழைய நாட்டின் டிசம்பர்

கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குக் கிறிஸ்துமஸ் காலம் நெடுங்காலமாக அச்சத்தின் காலமாக இருந்தது. விழாவையொட்டிக் கூடும் கூட்டம் மதுவெறியிலோ மதவெறியிலோ யூதர் தெருக்களுக்குள் புகுந்துவிடக்கூடும் என்பதால், அந்த இரவில் வெளியே செல்லாமல் கதவை அடைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பது முறையாயிற்று. ‘நிட்டல்’ என அவர்கள் அழைத்த அந்த இரவில், யூத சமயத்தின் மூல நூலாகிய தோராவை ஓதுவதைக்கூட, குறிப்பாக ஹசீதியர் எனப்படும் பக்தி மரபினர், நிறுத்திவைத்துவிட்டுச் சீட்டாடியும் சதுரங்கம் ஆடியும் பொழுதைக் கழித்தனர். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் இருந்த வார்சா நகரத்தில் 1881 டிசம்பர் 25 அன்று, திருச்சிலுவைத் தேவாலயத்தில் தீப்பிடித்துவிட்டதாக எழுந்த பொய்க் கூச்சலால் நெரிசல் ஏற்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பழி யூதர்கள்மீது சுமத்தப்பட்டு, அவர்களுடைய வீடுகளும் கடைகளும் மூன்று நாள் சூறையாடப்பட்டன.

அவ்வாண்டில் பேரரசின் தென்பகுதி முழுவதும் பரவியிருந்த இத்தகைய வன்முறையும், வறுமையும், புதிய தடைச் சட்டங்களும் யூதர்களை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் துரத்தின. 1881 முதல் 1924 வரை அமெரிக்காவுக்குச் சென்ற கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் லோயர் ஈஸ்ட் சைட் எனப்படும் பகுதியில், காற்றும் வெளிச்சமும் குறைந்த பல மாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1910 அளவில் நியூயார்க் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் யூதராக இருந்தார்.

சீனர்கள் கிழக்கே வந்த காரணம்

யூதர் குடியிருப்பிலிருந்து சிறிது நேரம் நடந்தால் அடையக்கூடிய மாட், பெல், டோயர்ஸ் ஆகிய தெருக்களில் சீனர்கள் குடியேறியதற்கும் வன்முறையே காரணம். தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து, குறிப்பாக அதன் தாய்ஷான் வட்டாரத்திலிருந்து, தங்கச் சுரங்க வேலைக்கும் இருப்புப்பாதை வேலைக்கும் கலிபோர்னியாவுக்கு வந்த சீனர்கள், நாட்டின் இரு கரைகளையும் இணைத்த இருப்புப்பாதை 1869-இல் முடிவுற்ற பிறகு, வெள்ளையரின் கூலியைக் கெடுப்பவர்கள் என்ற பழிக்கு ஆளாகி மேற்கு மாநிலங்களில் தாக்கப்பட்டனர். 1882-இல் இயற்றப்பட்ட சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுத்ததோடு, ஏற்கெனவே அங்கிருந்தோர் குடியுரிமை பெறுவதையும் தடுத்தது. அதற்கு முன்னரே 1875-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சீனப் பெண்களின் வருகையைப் பெரிதும் கட்டுப்படுத்தியிருந்தமையால், நியூயார்க்கின் சீனர் தெருக்கள் பெரும்பாலும் மனைவி மக்களைப் பிரிந்து வாழ்ந்த ஆண்களின் தெருக்களாகவே இருந்தன.

தொழிற்சாலைகளிலும் கட்டுமானங்களிலும் இடம் மறுக்கப்பட்ட அவர்களுக்குச் சலவைத் தொழிலும் சமையல் தொழிலுமே எஞ்சின. விலக்குச் சட்டம் தொழிலாளரைத் தடுத்தாலும் வணிகர்களுக்கு விலக்கு அளித்திருந்தது. 1915-இல் வெளியான ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளர்களையும் வணிகர் என்னும் வகைக்குள் ஏற்றுக்கொண்டதால், அத்தகுதியைப் பெறுவதற்கே பலர் கூட்டாக முதலீடு செய்து, முறைவைத்து மேலாளர் பொறுப்பேற்றுப் பெரிய உணவகங்களைத் தொடங்கினர். ஊரிலிருந்து உறவினரை அழைத்துக்கொள்ளவும், ஊருக்குச் சென்று திரும்பவும் சட்டம் விட்டுவைத்த வழி அதுவாக இருந்தது. நியூயார்க்கில் சீன உணவகங்கள் அடுத்த சில ஆண்டுகளில் பன்மடங்கு பெருகியதற்கு, சாப்சூயி என்னும் கலவைப் பொரியலின்மேல் அமெரிக்கர் கொண்ட மோகத்தோடு இச்சட்ட நுணுக்கமும் ஒரு காரணம்.

விலக்கப்பட்ட உணவும் விரும்பப்பட்ட உணவும்

யூதர்களின் உணவு விதித் தொகுப்பு ‘கஷ்ரூத்’ எனப்படும். அதற்கு உட்பட்ட உணவு ‘கோஷர்’, அதற்குப் புறம்பானது ‘த்ரெய்ஃப்’. பன்றி இறைச்சியும், இறால், நண்டு முதலியனவும் முற்றிலும் விலக்கானவை. உண்ணத்தக்க விலங்கும் விதிப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும். இறைச்சியையும் பாற்பொருளையும் ஒரே வேளையில் கலந்துண்ணக் கூடாது. பன்றியும் இறாலும் தாராளமாகப் புழங்கும் சீனச் சமையலறை இவ்விதிகளின்படி யூதருக்கு உகந்ததன்று. சீன உணவகங்களுக்குச் செல்லும் யூதர்களைக் கண்டித்து 1899-ஆம் ஆண்டிலேயே ஒரு யூத வார இதழ் எழுதியிருப்பதிலிருந்து, கண்டிக்கும் அளவுக்கு அப்பழக்கம் அப்போதே பரவியிருந்தது என்பதும் புலனாகிறது.

விதிக்கு மாறான ஓர் உணவு யூதர்களைக் கவர்ந்தமைக்குச் சமூகவியலாளர்களான கேய் டக்மன், ஹாரி லெவின் ஆகிய இருவரும் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில் விளக்கம் தந்தனர். சீனச் சமையலில் பாற்பொருள் இடம்பெறுவது அரிது. ஆகவே இறைச்சியோடு பால் கலக்கும் பெருங்குற்றம் அங்கே நேர்வதில்லை. விலக்கப்பட்ட இறைச்சியும் பொடியாக நறுக்கப்பட்டு, காய்களோடும் சாற்றோடும் கலந்து, அல்லது வன்டன் என்னும் மாவுறைக்குள் மறைந்து வருவதால், உண்பவரின் கண்ணை அது உறுத்தவில்லை. வீட்டில் விதிகளைக் கைக்கொண்டே வெளியில் மட்டும் அவற்றைத் தளர்த்திக்கொள்ள விரும்பியவர்களுக்கு இது ஏற்புடைய மீறலாக அமைந்தது. வன்டன் அவர்களுடைய சொந்தப் பண்டமாகிய க்ரெப்லாக் என்னும் இறைச்சிக் கொழுக்கட்டையை ஒத்திருந்தது. வெங்காயம், பூண்டு, கோழிச்சாறு, இனிப்பும் புளிப்பும் கலந்த சுவை, உணவோடு பருகும் தேநீர் ஆகியவையும் கிழக்கு ஐரோப்பிய யூதரின் நாவுக்குப் பழகியவையே.

இவற்றையெல்லாம்விட வலிய காரணம் ஒன்றுண்டு. இத்தாலியர் உணவகம் அண்மையில் இருந்தபோதும், அதன் சுவரில் மாதாவின் படமோ சிலுவையோ இருக்கக்கூடும். வேறு பல இடங்களிலோ, யூதர் என்று அறிந்ததும் இளக்காரமான பார்வை எழக்கூடும். சீன உணவகத்தில் கிறிஸ்தவச் சின்னங்கள் இல்லை. யூதர்மீது பரம்பரை வெறுப்பும் சீனர்களிடம் இல்லை. ஐரோப்பாவில் எங்கும் அயலாராக எண்ணப்பட்ட யூதர், சீனப் பணியாளரின் பார்வையில் ஏனைய வெள்ளை அமெரிக்கரைப் போன்ற ஒரு வாடிக்கையாளராக மட்டுமே தோன்றினார். வாரக் கூலியில் சிறு தொகையை மிச்சப்படுத்தித் தோழியரோடு வெளியே வந்த தையற்கூடத்து இளம்பெண்ணுக்கும், மாலைக் கல்லூரி மாணவனுக்கும், குறைந்த விலையில் மேசை நிறையப் பண்டங்களும் அமெரிக்கர் என்னும் மதிப்பும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தட்டு என்றில்லாமல், நடுவில் வைத்த பண்டங்களை அனைவரும் பகிர்ந்துகொள்ளும் முறை நண்பர் குழுக்களுக்கு மிகவும் பொருந்தியது.

விடுமுறை நாள் விருந்தானது

கிறிஸ்துமஸை அமெரிக்க நடுவண் அரசு 1870-இல் விடுமுறையாக அறிவித்தது. தையற்கூடங்களும் கடைகளும் மூடப்பட்ட அந்நாளில் யூதத் தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் அந்த ஓய்வை நிரப்ப அவருக்கு விழா இல்லை. யூதர்களின் குளிர்கால விழாவாகிய ஹனுக்கா எட்டு நாள் விளக்கேற்றிக் கொண்டாடப்படுவது. யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் தொடங்கும் அது, பொது நாட்காட்டியில் ஆண்டுதோறும் நவம்பர் இறுதிக்கும் டிசம்பர் இறுதிக்கும் இடையே இடம் மாறும். 2005-இலும் 2024-இலும் அதன் முதல் விளக்கு டிசம்பர் 25 மாலையில் ஏற்றப்பட்டதைப் போன்ற பொருத்தம் அரிதாகவே அமைகிறது. எனவே பெரும்பாலான ஆண்டுகளில் டிசம்பர் 25 யூதருக்கு வேலையும் விழாவும் இல்லாத நாள். பிற உணவகங்கள் மூடப்பட்டிருக்க, கிறிஸ்தவரல்லாதோர் மிகுந்திருந்த, குடும்பமின்றி வாழ்ந்தோர் பணிபுரிந்த சீன உணவகங்கள் வழக்கம்போல் திறந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உண்டு பழகியவர்களுக்கு, ஆண்டின் மிக நீண்ட ஞாயிறு போன்ற அந்நாளிலும் அங்கேயே செல்வது இயல்பாயிற்று.

இரு சமூகங்களுக்கும் இடையே இந்நாளில் ஏற்பட்ட உறவுக்கு ஒரு தொடக்கச் சான்று 1935-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நியூயார்க்கை அடுத்த நியூவார்க் நகரத்துச் சீன உணவக உரிமையாளர் ஒருவர், அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் நாளில் யூதக் குழந்தைகள் இல்லத்துக்குச் சோ மெய்ன் நூடுல்ஸும் பொம்மைகளும் கொண்டுசென்று வழங்கிய செய்தியை ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்டது. யூதர் செறிந்த லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் குறைந்தது 18 சீன உணவகங்கள் புதிதாகத் தோன்றியிருந்ததை அடுத்த ஆண்டில் அப்பகுதி வணிகர்களின் இதழ் பதிவு செய்தது. யூதர் சீனர் தெருவுக்குச் சென்ற காலம் போய்ச் சீன உணவகம் யூதர் தெருவுக்கு வந்த காலம் தொடங்கிவிட்டது. உணவோடு பொழுதுபோக்கும் இடம்பெயர்ந்தது: சீனரின் மாஜாங் என்னும் கட்டை விளையாட்டுக்கு அமெரிக்க விதிகளை வகுக்க 1937-இல் நியூயார்க்கில் தேசிய மாஜாங் கழகத்தைத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் யூதப் பெண்களே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூதர்கள் நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளை விட்டுப் புறநகர்களுக்குப் பரவியபோது சீன உணவகங்களும் அவர்களைத் தொடர்ந்தன. விதிகளைத் தளர்த்த விரும்பாதவர்களுக்கும் 1959-இல் வழி பிறந்தது. லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் எஸெக்ஸ் தெருவின் பெர்ன்ஸ்டைன் உணவகம், பன்றிக்குப் பதில் மாட்டிறைச்சியைக் கொண்டு, முழுவதும் கோஷர் முறையில் சீனப் பண்டங்களைச் சமைத்து வழங்கியது. 1965-ஆம் ஆண்டின் புதிய குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த சமையல் வல்லுநர்களால் சிச்சுவான், ஹுனான் வட்டாரச் சுவைகள் பரவின. உணவுப் பட்டியல் மாறியது, நாள் மாறவில்லை. 1993-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு சீன உணவகத்தில் யூத நகைச்சுவைக் கலைஞர்களின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி தொடங்கி, ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று. 2010-இல் எலீனா கேகன் உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்டு மேலவைக் குழு முன் அமர்ந்திருந்தபோது, கிறிஸ்துமஸ் அன்று எங்கே இருந்தீர்கள் என்ற கேள்விக்கு, எல்லா யூதர்களையும் போலச் சீன உணவகத்தில் இருந்திருப்பேன் என்னும் பொருள்பட விடையளித்தார். அவை சிரித்து வரவேற்றது. ஒரு காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு கழிக்கப்பட்ட நாள், நாட்டின் உயர்ந்த அவை ஒன்றில் மறைவின்றிப் பேசத்தக்க மகிழ்ச்சியாக மாறியிருந்தது.

சமைத்தவர்களின் பங்கு

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உண்டவர்களின் நினைவுகளையே சான்றாகக் கொள்கின்றனர். ரப்பி எனப்படும் யூத சமய குருவான ஜோஷுவா எலி பிளாட் 2012-இல் வெளியிட்ட விரிவான நூலும் அமெரிக்க யூதர்களின் கிறிஸ்துமஸைப் பற்றியதே. ஆயினும் மேசையின் இரு பக்கமும் சமமாக இருந்ததில்லை. யூதக் குடியேறிகள் குடியுரிமை பெற்று வாக்களித்த காலத்தில், அவர்களுக்குப் பரிமாறிய சீனக் குடியேறிகளுக்கு அந்த உரிமை இல்லை. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய 1924-ஆம் ஆண்டின் சட்டம் இரு சமூகத்தாரையும் தாக்கியது என்றாலும், சீனர் விலக்குச் சட்டம் 1943-இல்தான் நீக்கப்பட்டது. நீக்கிய பின்னும் ஆண்டுக்கு 105 பேருக்கே நுழைவு அனுமதிக்கப்பட்டது. உண்டவருக்கு விடுமுறையாக இருந்த நாள் சமைத்தவருக்கு ஆண்டின் கடுமையான வேலை நாள்களுள் ஒன்று; நெடுநேரம் அடுப்படியில் நின்ற அவர்களுள் பலரின் குடும்பம் கடலுக்கு அப்பால் இருந்தது. தம் சொந்தப் பெருவிழாவாகிய சந்திரப் புத்தாண்டையும் அவர்கள் குடும்பமின்றியே கொண்டாட நேர்ந்தது.

இரு சிறுபான்மையினரின் நட்பு என்று மட்டும் இவ்வழக்கத்தைப் புகழ்வது அதன் பாதியை மறைத்துவிடும். விலக்கப்பட்ட ஒரு சமூகம், தன்னைவிடக் கடுமையாக விலக்கப்பட்ட மற்றொரு சமூகத்தின் உழைப்பால் தன் விழா நாளைப் பெற்றது என்பதே முழு உண்மை. அந்த உழைப்பில் வாணிபமும் இருந்தது, வரவேற்பும் இருந்தது. ஒரு விருந்தின் வரலாறு உண்டவரின் மகிழ்ச்சியையும் சமைத்தவரின் நிலையையும் ஒருங்கே சொல்லும்போதுதான் நிறைவு பெறும். நியூயார்க் யூதர்களின் டிசம்பர் 25 விருந்தை அவ்வாறு எழுதும் பணி, அடுப்படியில் நின்றவர்களின் பெயர்களையும் வாழ்க்கையையும் தேடித் தொகுப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.