ஈடும் திட்டமும்: வல்வெட்டித்துறைக் கப்பற் கட்டுமானமும் இலங்கையின் அபிவிருத்தி வங்கிகளும்

வளர்முக நாடொன்றின் கைத்தொழிலாக்கத்தில் அபிவிருத்தி வங்கியின் பங்கைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக மூலதனப் பற்றாக்குறையிலிருந்தே தொடங்குகிறார்கள். இங்கிலாந்தின் ஆலை முதலாளி தன் இலாபத்தைக்கொண்டு செய்ததை, பிந்தித் தொழில்மயமான நாடுகளில் வங்கிகள் செய்ய நேர்ந்தது என்று அலெக்சாண்டர் கெர்ஷென்குரோன் காட்டினார். 1852இல் பிரான்சில் தோன்றிய கிரெடி மொபிலியே வங்கி அவருடைய முதன்மையான சான்றுகளுள் ஒன்று. வாதம் சரியானதே, ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் கரையில் கப்பல் கட்டிய ஊரான வல்வெட்டித்துறையை (சுருக்கமாக, வல்வை) வைத்துப் பார்த்தால் அது பாதிதான் பொருந்துகிறது. அங்கே பணம் இருந்தது, தொழிற்றிறன் இருந்தது, சந்தையும் இருந்தது. ஒரு தொழில் நாளை ஈட்டப்போகும் வருமானத்தை எடைபோட்டு, அதை நம்பி நீண்டகாலக் கடன் கொடுக்கும் நிறுவனம் மட்டும் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை வல்வைக் கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் ஓடின. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வைத் தண்டயலும் (கப்பல் தலைவரும்) கடலோடிகளும் அதை 1938இல் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதை ஊர்ப்பெருமையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. பொருளியல் கேள்வி அதற்கு அப்பால்தான் இருக்கிறது: அத்திலாந்திக்கைத் தாண்டத்தக்க கலத்தைக் கட்டிய ஓடாவிகளின் தொழில், அடுத்த தலைமுறையில் ஏன் இயந்திரக் கப்பற் பட்டறையாக வளரவில்லை?

இதை ஒரு கடன் விண்ணப்பத்தின் அளவில் பார்ப்பது நல்லது. ஏரா (அடிமரம்) போட்டு, வங்கு (விலாச்சட்டம்) ஏற்றி, பலகை அறைந்து, கலப்பற்று (இடுக்கு அடைத்தல்) முடியும்வரை போட்ட பணமெல்லாம் மரத்திலும் கூலியிலும் முடங்கிக் கிடக்கும். கடலில் இறங்கிப் பதிவாகும்வரை அது கப்பலென்று கணக்கில் வராது. காணி என்றும் சொல்ல முடியாது. மதிப்பிட வரும் வங்கி உத்தியோகத்தருக்கு அது மரக்குவியல். எனவே அவர் காணி உறுதியைக் கேட்பார். தேசவழமைச் சட்டம் ஆளும் யாழ்ப்பாணத்திலோ காணி பெரும்பாலும் சீதனமாகப் பெண் பெயரில் இருக்கும், அல்லது பல பங்காளிகளுக்கு உரித்தான சிறு துண்டாக இருக்கும். கையில் இருக்கும் சொத்தை வங்கி ஈடாக ஏற்காது. வங்கி ஏற்கும் சொத்தை வைத்து ஒரு கப்பலுக்கான தொகையைத் திரட்ட முடியாது. செட்டிமார் கடனும் உண்டியலும் சரக்கு வணிகத்துக்குப் போதுமானவை. ஆனால் அவை குறுங்காலக் கடன்கள்; பட்டறைக்கும் இயந்திரத்துக்கும் அவற்றை நம்பி இறங்க முடியாது.

இந்த வெற்றிடம் கொழும்புக்குத் தெரியாததல்ல. பொச்கானாவாலா தலைமையில் 1934இல் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் பின்பு 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1943இல் விவசாய, கைத்தொழில் கடன் கூட்டுத்தாபனமும், 1955இல் டி.எஃப்.சி.சி. எனப்படும் அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனமும், 1979இல் தேசிய அபிவிருத்தி வங்கியும் வந்தன. பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு ஈட்டு மரபு மாறவில்லை என்பதே என் கணிப்பு. அதற்குள் வல்வையின் கடலும் ஒடுங்கிவிட்டது. 1948இன் குடிவரவுச் சட்டம், 1953இன் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம், அறுபதுகளின் இறக்குமதித் தடைகள் என ஒவ்வொன்றாக வர, நேற்றுவரை வணிகமாக இருந்தது கடத்தலாயிற்று. அந்த ஆபத்தான வழியில் பணம் பாய்ந்ததே ஊரில் மூலதனத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

மரக்கலத்தின் காலமே முடிந்துவிட்டது, எந்த வங்கியாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று சிலர் மறுக்கலாம். ஆனால் தூத்துக்குடித் தோணிகள் இயந்திரம் பூட்டிக்கொண்டு இன்றும் மாலைதீவுக்குச் சரக்கு ஏற்றுகின்றன. கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் தொழில் அற்றுப்போகவில்லை. தூரம் போவானேன், இதே குடாநாட்டின் காரைநகரில் அறுபதுகளின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் சீநோர் நிறுவனம் கண்ணாடிநார்ப் படகுகளைக் கட்டத் தொடங்கியது. பொறுமையான பணமும் தொழில்நுட்பம் அறிந்த ஆளும் சேர்ந்து வந்தபோது, மரத்தில் பழகிய கை புதிய பொருளுக்கு மாறத் தயங்கவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அபிவிருத்தி வங்கி ஆளுங்கட்சியின் பணப்பையாகும், கடன் திரும்பாது என்பது அது. இந்தியாவில் ஐ.சி.ஐ.சி.ஐ. 2002இலும் ஐ.டி.பி.ஐ. 2004இலும், இங்கே தேசிய அபிவிருத்தி வங்கி 2005இலும் டி.எஃப்.சி.சி. 2015இலும் வர்த்தக வங்கிகளாக மாறியதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இம்மாற்றத்தின் பொறிமுறையைக் கவனிக்க வேண்டும். நீண்டகாலத்துக்கு மலிவாகக் கிடைத்த அரச, வெளிநாட்டு நிதி வற்றியபோது வைப்பாளரின் பணத்தை நாட வேண்டியதாயிற்று. எந்நேரமும் திருப்பிக் கேட்கக்கூடிய பணத்தைக் கொண்டு நீண்டகாலக் கடன் கொடுப்பது எந்த வங்கிக்கும் ஆபத்தானது. அரசியல் தலையீடு உண்மையான நோய்தான். அதற்கு மருந்தைத் தென்கொரியா காட்டியது: மலிவுக் கடன் பெற்றவர் ஏற்றுமதி இலக்கை எட்ட வேண்டும், தவறினால் சலுகை போகும் என்ற ஒழுங்கை அலிஸ் அம்ஸ்டன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இறக்குமதித் தடையின் நிழலில் ஒதுங்கியிருந்த இலங்கைத் தொழில்களுக்கு அத்தகைய பரீட்சை எதுவும் இருக்கவில்லை.

எல்லாவற்றையும் போர் அழித்தது என்பாரும் உளர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றதற்குப் போரே காரணம். அதில் மறுப்பு இல்லை. ஆனால் 2009இல் போர் முடிந்தபின் வடக்குக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வரிசையாக வந்தன. அவை கொண்டுவந்தவை லீசிங், நகை அடைவு, நுண்கடன். அந்த நுண்கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018இல் அரசே கடன் தள்ளுபடி அறிவிக்க நேர்ந்தது. பணம் வந்தும் பட்டறை எழவில்லை.

2025 வரவுசெலவுத் திட்டம் மீண்டும் ஓர் அபிவிருத்தி வங்கியை முன்மொழிந்தது. அதுவும் உறுதியைக் கேட்டுக் கடன் கொடுக்குமானால் பிரதான வீதியில் இன்னொரு கிளையாகவே முடியும். நோர்வேச் சட்டம் கட்டிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கப்பலைப் பதிந்து ஈடு வைக்க இடமளிக்கிறது. அத்தகைய சட்டத் திருத்தமும், கலத்தை மதிப்பிடத் தெரிந்த உத்தியோகத்தரை வடமராட்சியிலேயே இருத்துவதும் அந்த முன்மொழிவோடு சேர்க்கப்பட வேண்டும்.