ஒழுங்கில் அடங்காத முருங்கை

நம் ஊர்க் கொல்லைகளில் முருங்கையும் பப்பாளியும் அருகருகே நிற்பதைக் காணாதவர் இரார். ஒன்று தொட்டால் முறியும் கிளைகளும் பொடி இலைகளும் உடையது. மற்றது கிளையின்றி நெடுக வளர்ந்து குடை விரித்து நிற்பது. இவ்விரண்டும் நெருங்கிய சொந்தம் என்று சொல்லியிருந்தால் நம் பாட்டிமார் நகைத்திருப்பர். தாவர நூல் வல்லாரும் நெடுங்காலம் அவ்வாறு எண்ணியதில்லை.

முருங்கை ஐரோப்பிய நூல்களுக்குள் புகுந்த கதையில் கொச்சிக்கு இடமுண்டு. டச்சு ஆளுநர் வான் ரீடு மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றித் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. தொடக்கத்தில் அவருக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் இத்தாலிய கார்மேல் துறவியான மத்தேயு அடிகளார். ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருக்களைக் கொச்சியிலிருந்து வெளியேற்றிய அதே டச்சு ஆட்சியின் ஆளுநரோடு அவர் செடிகளைப் பற்றி உரையாடினார் என்பது நம்மை வியக்க வைக்கிறது. மருத்துவர் இட்டி அச்சுதன் தந்த அறிவோ அந்நூலுக்கு உயிர்நாடி. 1686இல் வந்த ஆறாம் தொகுதியில் முருங்கை தன் மலையாளப் பெயருடனேயே படமாக இடம்பெற்றது.

இந்தியாவை ஒருநாளும் காணாத லின்னேயஸ் 1753இல் அதற்கு ஓர் இடம் தந்தார். கழற்சிக் கொடியோடு சேர்த்து அதை அவரையின் இனத்தாருள் வைத்தார். கூட்டிலையையும் நீண்ட காயையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவரைக்காய் ஒற்றைச் சூலிலையால் ஆனது. உலர்ந்தால் இரு ஓடுகளாக விரியும். முருங்கைக்காயோ மூன்று சூலிலைகள் இணைந்தது. மரத்திலேயே முற்றிக் காய்ந்த நெற்று மூன்றாகப் பிளக்கும். விதைக்கும் மூன்று சிறகுகள். பூவில் பத்து மகரந்தத்தாள்கள் இருப்பினும் ஐந்தே மகரந்தம் தரும். நெற்றைக் கையில் எடுத்துப் பிளந்து பார்த்த எவரும் அவரையென்று சொல்லமாட்டார்.

1763இல் ஆடன்சன் அதைத் தனிப் பேரினமாக்கி ‘மொரிங்கா’ என்றார். நம் முருங்கையும் மலையாளிகளின் முரிங்ஙாவுமே அச்சொல்லின் வேர். 1785இல் லமார்க், எண்ணெய் தருவது என்னும் பொருளுடைய அடைமொழியைச் சேர்த்தார். 1820இல் உருசியரான மார்ட்டினோவ் அதனைத் தனிக் குடும்பமாக உயர்த்தினார். ஆக, உலகின் எந்தத் தாவரவியலார் இக்குடும்பத்தின் பெயரைச் சொன்னாலும் தென்னாட்டுச் சொல் ஒன்றையே உச்சரிக்கிறார்.

பெயர் கிடைத்தது, உறவு கிடைக்கவில்லை. நம் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாயிருந்த பெந்தம், ஹூக்கர் வகைப்பாடு 1862இல் முருங்கைக் குடும்பத்தை மாமரக் குடும்பத்திற்கு அடுத்து, ‘ஒழுங்கில் அடங்காதவை’ என்னும் தலைப்பின்கீழ் நிறுத்தியது. இதனைக் குறையென்று நாம் கருதவில்லை. தெரியாததைத் தெரியாதென்று ஒப்பிய நேர்மை அது. பின்வந்தோர் சிலர் கடுகினத்தின் பக்கம் அதை நகர்த்தினர். ஆயினும் 1981இல் கிரான்குவிஸ்ட் வெளியிட்ட பெருநூலிலும் பப்பாளி வேறு வரிசையில்தான் இருந்தது.

வழி காட்டியது வடிவமன்று, காரம். முருங்கை வேரை நசுக்கினால் கடுகின் நெடி எழும். இங்கிருந்த ஆங்கிலேயர் அவ்வேரை அரைத்துத் தம் நாட்டுக் காரக்கிழங்குக்கு ஈடாக உண்டு, மரத்திற்கே அக்கிழங்கின் பெயரை இட்டனர். செடியின் திசுக்களில் ஒரு கந்தகச் சேர்மமும் அதைச் சிதைக்கும் நொதியும் தனித்தனியே உறைகின்றன. திசு நசுங்கும்போது இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. பூச்சிக்கு அது நஞ்சு, நமக்குச் சுவை. இக்காரம் உடைய குடும்பங்களை எல்லாம் ஒன்றாய்க் கூட்டலாம் என்று சுவீடன் அறிஞர் டால்கிரென் 1975இல் முன்மொழிந்தார். ஒரே வேதிப்பொருள் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கலாமே என்று மற்றவர்கள் தயங்கினர். 1990களில் மரபணு ஆய்வுகள் வந்தபோது டால்கிரெனின் கூற்று பெரும்பாலும் மெய்யாயிற்று. புத்திரசீவி இனம் மட்டும் விலகி நின்றது; அங்கே காரம் தனியாகவே தோன்றியிருந்தது. தயங்கியவர்களும் முழுவதும் தவறவில்லை! 1998இல் வெளியான புதிய வகைப்பாட்டில் முருங்கை, பப்பாளி, கடுகு, முள்ளங்கி யாவும் ஒரே வரிசையில் அமர்ந்தன.

முருங்கைக் குடும்பம் மிகச் சிறியது. ஒரே பேரினம், பதின்மூன்று சிற்றினங்கள். பெரும்பாலானவை சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா நாடுகளின் வறண்ட நிலத்தவை. சில நிலத்தடிக் கிழங்கோடு கூடிய குறுஞ்செடிகள். மடகாஸ்கரில் இரண்டு, பீப்பாய் போல் பருத்த அடிமரத்துடன் நிற்கின்றன. ஒன்று சாக்கடல் ஓரத்துப் பாறைச் சரிவுகளிலும் வளர்கிறது. இந்தியாவிற்கு உரியவை நம் முருங்கையும் காட்டு முருங்கையுமே. பப்பாளியின் குடும்பத்தார் பெரும்பாலும் அமெரிக்க வெப்பநிலத்தவர். எனினும் அவர்களுள் இரண்டு மரங்கள் ஆப்பிரிக்கக் காடுகளில் உள்ளன.

இன்றைய வகைப்பாட்டில் இவ்விரு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு. இடையில் வேறொரு குடும்பம் இல்லை. பப்பாளிப் பழத்தை அறுக்கும்போது நாம் வழித்தெறியும் கரிய விதைகளுள் ஒன்றை மென்று பார்க்கலாம். நாவில் ஏறுவது கடுகின் காரமே.